கப்பற் கயிறும் ‘பிணி’யும்: மதுரைக்காஞ்சி, பட்டினப்பாலை உவமைகளை முன்வைத்து

பிற்காலத் தமிழில் கப்பற் கயிற்றைக் குறிக்க ஆலாத்து, தாமான் முதலிய தனிப்பெயர்கள் வழங்கியுள்ளன. மதுரைக்காஞ்சியில் நாவாயின் பாய்மரத்துக்குக் ‘கூம்பு’ எனவும் பாய்க்கு ‘இதை’ எனவும் சிறப்புச் சொற்கள் ஆளப்படினும், கயிறு ‘கயிறு’ என்னும் பொதுப்பெயராலேயே சுட்டப்படுகிறது. எனவே அது எந்தக் கயிறு, உவமையில் அதன் பணி யாது என்னும் வினாக்களுக்கு அதன் முன் நிற்கும் அடைகளிலிருந்தே விடை காண வேண்டியுள்ளது.

782 அடிகளையுடைய இப்பாட்டில் மாங்குடி மருதனார், கடுங்காற்றில் சிக்கிச் சுழியில் அகப்பட்ட நாவாயொன்றைக் காட்டுகிறார். முதலில் கயிறு அறுகிறது. அடுத்து இதை சிதைகிறது. பின்னர்க் கூம்பு அடியோடு முறிகிறது. இறுதியில் நங்கூரக்கல் மோதப்படுகிறது. கல் தனியே இறுதியில் கூறப்படுதலாலும், கயிற்றை அடுத்து இதையும் கூம்பும் வருதலாலும், இங்குச் சுட்டப்படுவது நங்கூரக் கயிறன்று. பாயையும் கூம்பையும் இழுத்துப் பிடித்து நிறுத்தும் கயிறே எனக் கொள்வது பொருந்தும். ‘வீங்கு’ என்னும் அடை அக்கயிற்றின் விறைப்பை உணர்த்துகிறது. அழிவு கயிற்றிலிருந்து தொடங்குவதற்குக் காரணமும் இதுவே: கட்டு அற்றபின் பிற உறுப்புகள் நிலைபெறுவதில்லை.

இந்நாவாய்க்கு ஒப்பாக வருவது மதுரைத் தெருவில் திரியும் மதயானை. அது பாகரைக் கொன்று, சங்கிலியாகிய ‘தொடரை’ மதியாது, கட்டுத்தறியாகிய ‘கந்தை’ நீங்கி உழல்கிறது. கயிற்றுக்குத் தொடரும், கூம்புக்குக் கந்தும் நேராகின்றன. இரண்டிடத்தும் கட்டினைக் குறிக்கும் சொல் ‘பிணி’ என்பதே. ‘பிணி’ பெருவழக்கான சொல்லாதலின் இவ்வொப்புமை தற்செயலானது என்று மறுக்கலாம். ஆயின் அடைகளின் அமைப்பு அம்மறுப்பை வலுவிழக்கச் செய்கிறது. கயிற்றுக்கு ‘நோன்’, தொடருக்கு ‘வன்’ என இரண்டிற்கும் வலிமை பொதுவாகக் கூறப்படுகிறது. பிணியோ ஓரிடத்தில் ‘வீங்கு’, மற்றோரிடத்தில் ‘மென்’ என முரண்படுகிறது. கட்டு இறுகியதாயினும் மெல்லியதாயினும் மீறும் ஆற்றலின் முன் நில்லாது என்பது இம்முரணால் பெறப்படுகிறது.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை இவ்வுவமையைத் திசைமாற்றி ஆள்கிறது. அங்கு நாவாய் பொருள், யானை உவமை. புகார்த் துறையில் அசையும் நாவாய்கள் கட்டுத்தறியை அசைக்கும் களிறுகளாகின்றன. அதே பாட்டில் நெல்லேற்றி வந்த படகுகள் இலாயக் குதிரைகளைப் போலப் பிணிக்கப்படுகின்றன. இரண்டிலும் கட்டு அறவில்லை. துறையின் வளம் அக்கட்டினாலேயே புலப்படுகிறது. யானைக்கு நாவாயை உவமிக்கும் புறநானூற்று 13ஆம் பாடலில் கயிறு பேசப்படாமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

எனவே ‘கயிறு’ என்பதற்குக் கப்பற் கயிறு என்று மட்டும் பொருளெழுதி அமைவது போதாது. பட்டினப்பாலையில் கட்டு வளத்தின் அடையாளம்; மதுரைக்காஞ்சியிலோ அற்ற கட்டு, கடலின் அழிவைச் செல்வ நகரின் தெருவுக்கே கொண்டுவருகிறது. நிலையாமை உணர்த்தும் காஞ்சிப் பாட்டு, தன் கருத்தை வெளிப்படையான அறிவுரையால் மட்டுமன்றி, வளம் பாடும் பகுதியில் அறுந்த ஒரு கயிற்றின் வாயிலாகவும் உணர்த்துகிறது எனலாம்.