இரவற் பதிவேடு சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழக நூலகப் பயன்பாடு பற்றி அலன் கென்ற் குழுவினர் மேற்கொண்ட ஆய்வு 1979இல் நூலுருப் பெற்றது. 1969இல் சேர்க்கப்பட்ட நூல்களுள் ஏறத்தாழ 40 வீதமானவை ஆறு ஆண்டுகளில் ஒருமுறையேனும் இரவல் பெறப்படவில்லை என்பது அதன் முக்கிய முடிபாகும். நூற்றெரிவை வெறும் ஊகத்திடம் ஒப்படைத்துவந்த நூலகர்களுக்கு இது தக்கதோர் எச்சரிக்கையே.

ஆயின், இரவற் பதிவேடு ஒருபக்கச் சான்று மட்டுமே. நூலைத் தேடி வெறுங்கையுடன் திரும்பியோரையும், நூலக வாயிலை மிதிக்கத் தயங்கும் முதற்றலைமுறை மாணவரையும் அது பதிவதில்லை. அதனை மட்டும் ஆதாரமாகக் கொண்டு கொள்வனவைத் தீர்மானிப்பின், ஏற்கெனவே வாசிப்போரின் தேவையே பல்கலைக்கழகம் முழுவதினதும் தேவையாகக் கொள்ளப்படும். எண்ணிக்கையைப் புறக்கணிப்பது தவறு. எவர் எண்ணப்படவில்லை என வினவாதிருப்பது அதனினும் பெருந்தவறு. இவ்வினாவை எழுப்பும் நூலகருக்கே ஆய்வு உண்மையான வழிகாட்டியாக அமையும்.