கோயாவின் ஓவியத்தில் போரும் புலம்பலும்

1808 மே 2இல் மத்ரித் நகர மக்கள் நெப்போலியனின் சேனையை எதிர்த்தெழுந்தனர். பிடிபட்டோர் பலர் மறுநாள் விடியுமுன் சுடப்பட்டனர். ஸ்பானிய ஓவியர் கோயா 1814இல் இதனை வரைந்தார். தரையில் வைத்த விளக்கு, வெண்சட்டை அணிந்த எளியவன் ஒருவன்மேல் ஒளி வீசுகிறது. விரித்த கரங்கள், வலது உள்ளங்கையில் ஆணித்தழும்பை ஒத்த வடு. ஆகவே இவனைச் சிலுவையிலறையப்பட்ட கிறிஸ்துவாகவே கண்டு பிரசங்கிப்போர் உளர். நானும் அவ்வாறு செய்ததுண்டு, இன்று தயங்குகிறேன். அவன் கண்களில் நிறைந்திருப்பது திகில். அத்திகிலை நாம் விரைந்து மீட்பின் சின்னமாக்கினால், கொல்லப்படும் அம்மனிதன் நம் பார்வையினின்று மறைந்துபோவான்.

இதனோடு, 1759இல் கியூபெக் போரில் மாண்ட தளபதி வுல்ஃபின் மரணத்தைப் பெஞ்சமின் வெஸ்ட் 1770இல் தீட்டிய ஓவியத்தை ஒப்பிடலாம். சிலுவையினின்று இறக்கப்பட்ட ஆண்டவரைச் சூழ்ந்தோர்போல் அதிகாரிகள் தளபதியைச் சூழ்ந்து துக்கிக்கின்றனர். புலம்புவதற்கு அங்கே அவகாசம் உண்டு, கண்ணியமும் உண்டு. கோயாவிடத்திலோ துக்கிப்போர் யார்? வரிசையில் வந்துகொண்டிருக்கும் அடுத்த பலிகளே. சிலர் கைகளால் முகத்தை மூடியுள்ளனர். முன்னே விழுந்துகிடப்போருக்காகவா, தங்களுக்காகவா என்று பிரித்தறிய இயலாது. சுடுவோரின் முகங்கள் நமக்குக் காட்டப்படவில்லை, முதுகுகளே தெரிகின்றன. வெண்சட்டைக்காரனுக்கருகே ஒரு துறவி கைகளை இறுகக் கோத்து, நிலத்தை நோக்கிக் குனிந்திருக்கிறார்.