பேச்சுப் போட்டி எத்தனை மணிக்கு?

அக்கா மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தமிழ் மன்றத்தில் பொறுப்பு. போன மாதம் வாட்ஸப்பில் ஒரு போஸ்டரை அனுப்பி, "மாமா, எப்படி இருக்கு? உண்மையச் சொல்லுங்க" என்று கேட்டாள்.

திறந்து பார்த்தேன். மேலே கல்லூரியின் பெயர், இலச்சினை, நாக் தரச்சான்று. அதற்குக் கீழே தாளாளர், செயலர், முதல்வர், மூன்று வட்டப் படங்கள். பிறகு துறைத்தலைவர், ஒருங்கிணைப்பாளர்கள், மாணவப் பொறுப்பாளர்கள் என்று இறங்குவரிசையில் பெயர்கள். நடுவில் ஒரு மைக், ஒரு பேனா, ஓரமாக ஒரு திருவள்ளுவர். நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "போட்டி எத்தனை மணிக்கு?"

"இருக்கே மாமா, கீழ வலதுபக்கம், கியூஆர் கோடுக்கு மேல."

பெரிதாக்கிப் பார்த்தேன். இருந்தது.

அதுக்கப்புறம் அவளிடமே கேட்டு, அவள் போனில் இருந்த மற்ற போஸ்டர்களையும் வாங்கிப் பார்த்தேன். துறைக் கருத்தரங்கு, கலைவிழா, ரத்ததான முகாம், பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து வந்தவை. எல்லாம் ஒரே அச்சு. மாணவர்களுக்கு வடிவமைக்கத் தெரியலை என்று இதை முடித்துவிடலாம். ஆனால் அவள் செய்த முதல் வடிவத்தையும் எனக்கு அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்தபிறகு அப்படிச் சொல்ல மனசு வரலை.

முதல் வடிவத்தில் போட்டியின் தலைப்புதான் பாதி இடம்: 'ரீல்ஸ் காலத்தில் புத்தகம் எதற்கு?' கீழே நாள், நேரம், அரங்கம், பெயர் கொடுக்க வேண்டிய இடம். அவ்வளவுதான். குறை இல்லாமல் இல்லை. வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து வைத்திருந்தாள், வெயிலில் போனைப் பிடித்தால் ஒன்றுமே தெரியாது. ஆனால் கண் எங்கே முதலில் போக வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அங்கிருந்து ஏழு திருத்தம். ஒவ்வொரு திருத்தமும் ஒரு மேசையிலிருந்து வந்தது, ஒவ்வொரு மேசையும் ஒரு பெயரையோ படத்தையோ சேர்த்தது. யாரும் எதையும் எடுக்கச் சொல்லவில்லை. தலைப்பு மட்டும் தானாகவே சுருங்கிக்கொண்டே வந்தது.

கடைசியில் வந்தது போஸ்டரே இல்லை, அழைப்பிதழ். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை என்று பெயர்களை வரிசையாகப் போடுவது நமக்குப் பழகிய வடிவம். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வடிவத்தை நான் கேலி செய்யவில்லை. மரியாதை செய்வது அதன் வேலை, அதை ஒழுங்காகவே செய்கிறது. ஆனால் அழைப்பிதழ், ஏற்கனவே வரப்போகிறவருக்குக் கொடுப்பது. போஸ்டர், வரலாமா வேண்டாமா என்றே யோசிக்காதவரை நிறுத்துவது. இரண்டையும் ஒரே தாளில் திணித்தால் மரியாதைதான் ஜெயிக்கும். ஏன்னா ஒப்புதல் தருகிற இடத்தில் உட்கார்ந்திருப்பது அது. கேன்டீன் வாசலில் நிற்கிற முதலாமாண்டுப் பையனுக்கு அந்த அறையில் நாற்காலி கிடையாது.

ஊர்த் திருவிழாப் பட்டிமன்ற நோட்டீஸை நினைத்துப் பாருங்கள். அதிலும் விழாக்குழுவினர் பெயர் ஏராளமாக இருக்கும். ஆனாலும் 'மகிழ்ச்சி தருவது மகனா மகளா' மாதிரி ஒரு கேள்வி கொட்டை எழுத்தில் நிற்கும். படித்தவன் அங்கேயே மனசுக்குள் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவான். போட்டித் தலைப்பு கேள்வியாக இருந்தும், அதை நகம் அளவுக்குச் சுருக்கியதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

இன்னொரு சிக்கல், சுவருக்கும் போனுக்கும் ஒரே கோப்பு. ஏ3 தாளின் அகலம் 297 மில்லிமீட்டர். போன் திரை சுமார் 70. அதாவது நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. தாளில் 24 புள்ளி அளவில் வைத்த எழுத்து போனில் 6 புள்ளிக்கும் கீழே போய்விடும். போதாததற்கு வாட்ஸப் படத்தை வேறு அமுக்கி அனுப்பும். கியூஆர் கோடு கதை இன்னும் வேடிக்கை. சுவரில் இருந்தால் போனைக் காட்டி ஸ்கேன் செய்யலாம். போனிலேயே வந்த போஸ்டரை எதை வைத்து ஸ்கேன் செய்வது? கேலரியிலிருந்து படிக்க வழி இருக்கிறது, சரி. ஆனால் அத்தனை தூரம் மெனக்கெடுபவன் ஏற்கனவே வர முடிவு செய்தவன். படத்தோடு ஒரு வரியில் இணைப்பைப் போட்டிருந்தால் வேலை முடிந்தது.

எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, தமிழ் மன்றம் ஆச்சே. முதல்வர் பெயருக்குக் கீழே 'போட்டி'யின் கொம்பு தன் எழுத்தைவிட்டுத் தனியாக, ஒரு புள்ளிவட்டத்தைச் சுமந்துகொண்டு நின்றது. இது பிழைதிருத்தம் பார்க்காததால் வருவது மட்டுமல்ல. ஒருங்குறியில் கொம்பு மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது, திரையில் முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் 'வேர்ல்டு ரெடி' அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அந்த வேலை நடக்காமல் போகலாம். இதற்குப் பயந்தே பல அச்சகங்கள் இன்னும் பாமினியில் தட்டச்சு செய்கின்றன. அந்தக் கோப்பை எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். அனெக் தமிழ், முக்த மலர், பலூ தம்பி, கேட்டமரான் என்று நல்ல ஒருங்குறி எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தலைப்புக்கு பலூ தம்பி, விவரத்துக்கு முக்த மலர் போதும். ஆறு எழுத்துரு வேண்டாம்.

குழு சேர்ந்து செய்தால் இப்படித்தான் ஆகும் என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு ஒப்புதல் இல்லை. 1968 மே மாதம் பாரிஸில் நுண்கலைக் கல்லூரியை மாணவர்கள் கைப்பற்றி, 'மக்கள் பட்டறை' என்ற பெயரில் போஸ்டர் அடித்தார்கள். முதலில் கல்லச்சு, முப்பது பிரதி எடுப்பதற்குள் நேரம் போய்விட்டது. பிறகு பட்டுத்திரை அச்சுக்கு மாறினார்கள். பெரும்பாலும் ஒரே நிறம், ஒரு உருவம், நாலைந்து சொல். இன்றைக்கும் வடிவமைப்புப் புத்தகங்களில் அவை இருக்கின்றன. அவையும் குழுவின் வேலைதான். ஒவ்வொரு வரைவும் கூட்டத்தில் விவாதத்துக்கு வந்தது. கேட்ட கேள்விகள் இரண்டு: கருத்து சரியா? போஸ்டர் அதைச் சரியாகச் சொல்கிறதா? வரைந்தவர் பெயர்கூட போஸ்டரில் வராது. நம்ம பேச்சுப் போட்டிக்குப் புரட்சியெல்லாம் தேவையில்லை. ஆனால் ஏழு மேசைகளில் ஒன்றில்கூட அந்த இரண்டாவது கேள்வி வரவில்லை. எல்லா மேசையிலும் வந்தது 'சார் பேர் போட்டாச்சா?' மட்டும்தான்.

அவளிடம் நான் சொன்னது: அந்த ஏழாவது வடிவத்தை அப்படியே அழைப்பிதழாக அச்சடித்து மேசைகளுக்கெல்லாம் கொடுத்துவிடு, யாரோடும் சண்டை வேண்டாம். முதல் வடிவத்தில் மஞ்சளைக் கறுப்பாக்கி, கல்லூரிப் பெயரை ஒரு வரியில் கீழே வைத்து, அதைப் போஸ்டர் என்று சொல்லி அனுமதி கேள்.

அனுமதி கிடைக்கவில்லை. ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு வடிவம் எதற்கு என்று கேட்டார்களாம். பெயர் கொடுக்கக் கடைசி நாளுக்கு முந்தின நாள் வரை நாலே பேர். அன்று சாயங்காலம் அவளும் தோழியும் ஒரு சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் தலைப்பையும் நேரத்தையும் எழுதி, கீழே கோடு போட்டுக் காலியாக விட்டு, பேனாவை நூலில் கட்டி விடுதி மெஸ் வாசலில் ஒட்டினார்கள். மறுநாள் காலை அதில் பதினேழு பெயர். இரண்டு கேலிக்கு எழுதியவை, ஒன்று மெஸ் மாஸ்டருடையது.