பீரங்கியின் பக்கத்தில் ஒரு மூட்டை அரிசி

போர்க் கருவிகளை வைத்திருக்கும் அருங்காட்சியகம் ஒன்றுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வாள். அதன் கீழே "வாள், இரும்பு, 18-ஆம் நூற்றாண்டு" என்று ஒரு சீட்டு. வாசலில் ஒரு பீரங்கி. அதன்மேல் உட்கார்ந்து சிறுவர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள். அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறோம். நாம் கற்றது என்ன?

இந்தக் கேள்வியைத் திருச்சியில் நின்று கேட்பதே பொருத்தம். திருச்சியும் ஸ்ரீரங்கமும் சேர்ந்து, கூரையில்லாத ஒரு போர் அருங்காட்சியகம் எனலாம்.

கர்நாடக நவாப் பதவிக்காக முகம்மது அலியும் சந்தா சாகிப்பும் போரிட்டனர். முன்னவருக்கு ஆங்கிலேயர் துணை. பின்னவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. 1751-இல் முகம்மது அலி திருச்சிக் கோட்டைக்குள் முற்றுகையிடப்பட்டார். ஆனால் 1752 ஜூன் மாதத்தில் சரணடைந்தவர்கள், முற்றுகையிட வந்த பிரெஞ்சுத் தளபதி ஜாக் லாவும் அவருடைய படையும்தான்! சந்தா சாகிப் தஞ்சைத் தளபதியிடம் அடைக்கலம் புகுந்து கொல்லப்பட்டார். நிலைமை எவ்வாறு தலைகீழாயிற்று?

பாடநூல்கள் பெரும்பாலும் கிளைவின் வீரத்தைக் காரணமாகக் கூறும். சற்று நில அமைப்பைப் பாருங்கள். மலைக்கோட்டையின் உயரம் சுமார் 83 மீட்டர். உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால், அடிவானம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்பது கிடைக்கும். கணக்கிட்டால் ஏறத்தாழ 32 கிலோமீட்டர் வருகிறது. அக்காலக் களப் பீரங்கியோ ஒரு கிலோமீட்டருக்குள்தான் ஓரளவு குறி தவறாமல் சுடும். ஸ்ரீரங்கம் கோயில் மலையிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர். ஆகவே மலைக்கோட்டை எதிரியைத் தாக்கும் கையன்று. அவன் நடமாட்டத்தைக் காணும் கண்.

லா தம் படையுடன் காவிரியைக் கடந்து, ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் கோயில்களின் மதில்களுக்குள் புகுந்தார். ஸ்ரீரங்கத்துக்கு ஏழு திருச்சுற்றுகள். குண்டுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு. கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் கிளைவ் வழியை மறித்தார். கிழக்கே கோவிலடி தஞ்சைப் படையின் கைக்குப் போயிற்று. தானியம் வரும் வழிகள் அடைபட்டன.

ஓர் எளிய கணக்குப் போடுவோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 700 கிராம் அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் பேருக்கு 7,000 கிலோ. ஒரு பொதிமாடு 100 கிலோ சுமக்குமானால், நாள்தோறும் 70 மாடுகள் ஆற்றைக் கடந்தாக வேண்டும். ஒரு மாதத்துக்கு 2,100 பொதிகள்! மதில் குண்டைத் தடுக்கும்; பசியைத் தடுக்காது.

இந்தக் கணக்கை எந்த வாளும் நமக்குச் சொல்லாது. ஸ்ரீரங்கத்தில் கோயிலே ஊர். திருச்சுற்றுகளில் வீடுகள் உள்ளன. அது படைமுகாமாக மாறிய நாட்களில் அங்கு வாழ்ந்தவர்கள் என்ன உண்டார்கள் என்பதையும் எந்த வாளும் சொல்லாது. நம் அருங்காட்சியகங்களின் பெருங்குறை இதுவே. அவை கருவியைக் காட்டுகின்றன. அதன் வேலையையும் விலையையும் காட்டுவதில்லை.

கருவியைப் பற்றியாவது முழுமையாகச் சொல்லலாம் அல்லவா? தஞ்சைப் பீரங்கிமேட்டில் உள்ள பெரும் பீரங்கி சுமார் ஏழரை மீட்டர் நீளம். எடை 22 டன் என மதிப்பிடுகிறார்கள். அது அச்சில் வார்க்கப்பட்டதன்று. நீண்ட இரும்புப் பட்டைகளைக் குழாய்போல் அடுக்கி, அவற்றின்மேல் பழுக்கக் காய்ச்சிய வளையங்களை வரிசையாக மாட்டி, அடித்து இணைத்திருக்கிறார்கள். நம் கொல்லர்களின் இந்தத் திறமையை இரண்டே வரிகளில் எழுதிவிடலாம்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலுள்ள இராணுவ வரலாற்று அருங்காட்சியகம் 2011-இல் புதிய வடிவில் திறக்கப்பட்டது. அங்கே போரில் பயன்பட்ட விலங்குகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. போரால் துன்புற்றவர்களுக்கும் இடமுண்டு. நாமும் அவ்வாறு செய்யப் பெரும் பணம் தேவையில்லை. திருச்சியில் ராணி மங்கம்மாள் மண்டபத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. மலையும் அருகிலேயே இருக்கிறது. ஆறுகளையும் வழிகளையும் காட்டும் ஒரு நிலப்படம், ஒரு பீரங்கிக் குண்டு, அதன் பக்கத்தில் ஒரு மூட்டை அரிசி. இவை போதும்.

மாணவர்களே, அருங்காட்சியகத்துக்கு அடுத்த முறை போகும்போது ஒவ்வொரு கருவியின் முன்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதை எப்படிச் செய்தார்கள்? இதனால் எவ்வளவு தூரம், என்ன செய்ய முடிந்தது? இதைத் தாங்கிய படைக்குச் சோறு எங்கிருந்து வந்தது? சீட்டில் விடை இல்லையென்றால், அங்குள்ள பார்வையாளர் குறிப்பேட்டில் அந்தக் கேள்விகளையே எழுதிவிட்டு வாருங்கள்.