நீல ஒளி எவ்வளவு, எதுவரை?

பல்லின் மேல் பீங்கான் கேப் பொருத்தும்போதும், வெனீர் எனப்படும் மெல்லிய பீங்கான் தகட்டை முன்பற்களில் ஒட்டும்போதும் இன்று பல மருத்துவர்கள் நாடுவது ரெசின் சிமென்ட்டைத்தான். பசையாக இருக்கும் அது நீல ஒளி பட்ட சில நொடிகளில் கெட்டியாகிவிடுகிறது. மருத்துவர் ஒளிக்கருவியை 20 நொடி பிடிக்கிறார். கருவி ஒலியெழுப்பி அணைகிறது. கூர்முனைக் கருவியால் கேப்பின் விளிம்பைச் சுரண்டிப் பார்க்கிறார், சிமென்ட் அசையவில்லை. நோயாளி எழுந்துகொள்ளலாம். இந்தச் சோதனையில் ஒரு சிக்கல் இருக்கிறது. சுரண்டிப் பார்க்க முடிகிற ஒரே இடம் விளிம்பு; ஒளி தடையின்றி விழுகிற இடமும் அதுவே. கேப்பைப் பல ஆண்டுகள் தாங்கவேண்டிய சிமென்ட் பீங்கானுக்கு அடியில், கண்ணும் கருவியும் எட்டாத இடத்தில் கிடக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்த ஒளி எவ்வளவு என்று கருவியின் ஒலி சொல்வதில்லை. ஒளியால் இறுகவைக்கும் முறை நல்ல முறைதான். ஆனால் மருந்தைப் போல அளந்து கொடுக்கவேண்டிய ஒளியை விளக்கைப் போடுவதும் அணைப்பதுமாகக் கையாள்வதால், அதன் பலன் பாதியில் நின்றுவிடுகிறது.

இம்முறை ஏன் இவ்வளவு விரும்பப்பட்டது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து புழக்கத்தில் இருந்த துத்தநாக பாஸ்பேட் சிமென்ட் பல்லோடு வேதிமுறையில் ஒட்டுவதில்லை. இடைவெளியை நிரப்பி, உராய்வால் பிடித்துக்கொள்ளும். குழைத்த கணத்திலேயே அது இறுகத் தொடங்கிவிடுவதால் மருத்துவர் அதன் வேகத்துக்கு ஓடவேண்டியிருந்தது. 1955இல் மைக்கேல் புவோனகோர், எனாமலை அமிலத்தால் அரித்தால் ரெசின் அதில் நன்கு பற்றிக்கொள்ளும் என்று காட்டினார். 1960களின் தொடக்கத்தில் ரஃபேல் போவன் உருவாக்கிய பிஸ்-ஜிஎம்ஏ மூலக்கூறு இன்றைய பல் ரெசின்களுக்கு அடித்தளம் ஆயிற்று. 1970களில் புற ஊதா ஒளி வந்தது. விரைவிலேயே அதன் இடத்தை, கண்ணுக்குத் தெரியும் நீல ஒளி பிடித்தது. ரெசினில் சிறிதளவு கலந்திருக்கும் கேம்ஃபர்குயினோன் 468 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளியை அதிகமாக உறிஞ்சி வினையைத் தொடங்கிவைக்கிறது. அதனால் ஆறு வெனீர்களையும் அமர்த்தி, வரிசை பார்த்து, நிறம் பார்த்து, திருப்தியான பிறகே ஒளியைக் காட்டலாம். இரண்டு மூன்று நொடி மட்டும் காட்டினால், வழிந்த சிமென்ட் ஜெல்லாகிச் சுருளாக உரிந்துவரும். ஈறுக்கடியில் மிச்சமாகும் சிமென்ட் ஈறை அழற்சிக்குள்ளாக்கும் என்பதால் இதைச் சின்ன வசதி என்று தள்ளிவிட முடியாது. மெல்லிய வெனீர்களைப் பொறுத்தவரை, இந்த முறைக்கு ஈடான மாற்று இல்லை என்றே சொல்வேன்.

கணக்கு உதைப்பது தடிமன் கூடும்போது. ஒரு கருவி சதுர சென்டிமீட்டருக்கு 1,000 மில்லிவாட் ஒளியை 20 நொடி தந்தால், மேற்பரப்பில் சேரும் ஆற்றல் 20 ஜூல். பீங்கானுக்குள் நுழைந்த ஒளி நேர்கோட்டில் குறைவதில்லை. ஒவ்வொரு படலமும் தனக்கு வந்ததில் ஒரு பங்கை விழுங்கியும் சிதறடித்தும் மிச்சத்தைத்தான் கீழே விடுகிறது. அரை மில்லிமீட்டர் வெனீர் பெரும்பகுதி ஒளியை விட்டுவிடலாம். ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள, லித்தியம் டைசிலிகேட் என்ற பீங்கான் வகையில் செய்த கேப் பாதிக்கும் மிகக் குறைவாகவே விடும். அடர்நிறமும் ஒளிபுகாத் தன்மையும் கூடினால் இன்னும் குறையும். சிர்கோனியா என்ற இன்னொரு வகை பொதுவாக இதைவிட மோசம். நான்கில் ஒரு பங்குதான் கடக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், மேலே விழுந்த 20 ஜூல் அடியில் 5 ஜூலாகிவிடுகிறது. அதே 20 நொடியை வெனீருக்கும் கடைவாய்ப்பல் கேப்புக்கும் ஒன்றுபோல் கொடுப்பது, அடுப்பின் தீயைப் பாராமல் நிமிடக் கணக்கில் சோறு வடிப்பதற்குச் சமம்.

இதற்கு உடனே வரும் பதில், இருவழி இறுகும் சிமென்ட். இதில் ஒளித்தூண்டியோடு பென்சாயில் பெராக்சைடும் அமீனும் சேர்ந்திருக்கும். ஒளி எட்டாத இடத்தை வேதிவினை பார்த்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. பாதி நியாயமான நம்பிக்கை. பல சிமென்ட்டுகளில் ஒளி பட்ட பகுதிக்கும் படாத பகுதிக்கும் இறுக்கத்தில் தெளிவான வேறுபாடு இருப்பதை ஆய்வகச் சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. நன்றாக இறுகிய ரெசினிலேயே இரட்டைப் பிணைப்புகளில் பாதியிலிருந்து முக்கால்வாசி வரைதான் வினைபுரிகின்றன; அதற்கும் கீழே போனால் வலிமை குறையும், நீரை உறிஞ்சும், வினைபுரியாத மூலக்கூறுகள் கசியும். இன்னொரு முரணும் உண்டு. முதலிலேயே வலுவான ஒளி காட்டினால் வலைப்பின்னல் சட்டென்று விறைத்து, மூலக்கூறுகள் நகர இடமின்றி, மெதுவாக நடக்கவேண்டிய வேதிவினை சில சிமென்ட்டுகளில் முடங்கிப்போகிறது. ஆகவே சில நிமிடம் பொறுத்து ஒளி காட்டச் சொல்வோரும், அதனால் பெரிய வித்தியாசமில்லை என்போரும் இருக்கிறார்கள். இரு தரப்புக்கும் சான்று இருப்பதிலிருந்து தெரிவது, விடை சிமென்ட்டுக்குச் சிமென்ட் மாறுகிறது என்பதே. அமிலத்தன்மை மிகுந்த எளிய ஒட்டுத் திரவங்கள் அமீனைச் செயலிழக்கச் செய்து வேதிவழி இறுகலைக் கெடுப்பதும் 2000களின் தொடக்கத்திலிருந்தே தெரிந்த செய்தி. ஒளி போதவில்லை என்றால் காப்பாற்ற வேறொரு வழி இருக்கிறது என்று நம்பியிருக்க, அந்த வழியும் சத்தமில்லாமல் அடைபட்டிருக்கலாம்.

பொருளைவிடக் கை பெரிய மாறி. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பிரைஸும் அவருடன் இருந்தவர்களும் மாதிரித் தலையின் பற்களுக்குள் ஒளி உணரிகளைப் பதித்துச் சோதித்தார்கள். ஒரே கருவி, ஒரே நேரம், ஒரே பல். ஆனால் ஆளுக்கு ஆள் போய்ச் சேர்ந்த ஆற்றலில் பெரும் வேறுபாடு. கருவியின் முனை சற்றுச் சாய்வது, சில மில்லிமீட்டர் விலகுவது, கண் கூசுகிறதென்று மருத்துவர் முகத்தைத் திருப்பியதும் கை நகர்ந்துவிடுவது ஆகியவையே காரணம். ஆரஞ்சு நிறக் கண்ணாடி அணிந்து, பார்த்துக்கொண்டே பிடிக்கப் பயிற்சி கொடுத்ததும் அளவு கணிசமாக உயர்ந்தது. முனையில் ஒட்டிக் காய்ந்த ரெசின், கிருமித் தடுப்புக்காகப் போடும் பிளாஸ்டிக் உறை, வயதான பேட்டரி ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். ஆட்டோகிளேவ் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டிப்பட்டை வைத்துச் சோதித்துப் பதிவேட்டில் எழுதும் கிளினிக்கிலேயே, ஒளிக்கருவியின் அளவு கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது என்று கேட்டால் பதில் இராது. கையடக்க ரேடியோமீட்டர்கள் துல்லியமற்றவை என்பது மெய். ஆனாலும் அதே மீட்டரில் அதே கருவியை மாதந்தோறும் அளந்தால், தேய்மானம் தெரிந்துவிடும்.

இவ்வளவும் ஆய்வகக் கவலை, வாய்க்குள் இந்த கேப்புகள் பல ஆண்டுகள் நன்றாகத்தானே நிற்கின்றன என்பது வலுவான எதிர்வாதம். லித்தியம் டைசிலிகேட் கேப்புகளின் நீண்டகால முடிவுகள் நல்லவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த முடிவுகளில் பல, நெறிமுறையைக் கவனமாகப் பின்பற்றும் பல்கலைக்கழக மருத்துவமனைகளிலிருந்து வருபவை. அவசரமான கிளினிக்குக்கு அவற்றை அப்படியே பொருத்த முடியாது. மேலும், கேப் உடைந்தால் ‘பீங்கான் உடைவு’ என்றும், விளிம்பில் சொத்தை வந்தால் ‘மறு சொத்தை’ என்றும் பதிவாகும். அடியில் மென்மையாகக் கிடந்த சிமென்ட் அந்த உடைவுக்கு எவ்வளவு வழிவிட்டது என்று பிரித்தறிய அப்பதிவில் இடமே இல்லை.

சரி, இரட்டிப்பு நேரம் காட்டிவிடலாமே என்றால், வெப்பம் குறுக்கே வருகிறது. 1965இல் ஸாக், கோஹன் இருவரும் குரங்குகளில் செய்த சோதனையில் பற்கூழின் வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்தபோது 15 சதவீதப் பற்கூழ்கள் மீளவில்லை. அந்த வரம்பு அளவுக்கு மீறிய எச்சரிக்கை என்று பின்னர் வாதிட்டவர்கள் உண்டு. இருந்தும், மெல்லியதாகச் செதுக்கிய உயிருள்ள பல்லில் அதை அலட்சியப்படுத்த யாரும் துணியமாட்டார்கள். தீர்வு எளிது: முகப்பு, நாக்குப் பக்கம், கடிக்கும் பரப்பு என்று பக்கத்துக்கொரு முறை, இடையில் காற்றடித்து ஆறவிட்டு, ஒளி காட்டுவது. மூன்றே நொடியில் வேலையை முடிப்பதாக விளம்பரமாகும் அதிவலுக் கருவிகள் இதற்கு மாற்றாகா. 3,000 மில்லிவாட் மூன்று நொடிக்கு 9 ஜூல்தான். கணக்கில் சமமான ஆற்றல் கிடைத்தாலும், வேகமாகக் கொட்டிய ஒளியும் நிதானமாகக் கொடுத்த ஒளியும் எல்லா ரெசினிலும் ஒரே விளைவைத் தருவதில்லை.

ஒளியே வேண்டாத இடங்களும் நிறைய. நல்ல உயரத்தோடும் பிடிப்போடும் செதுக்கிய கடைவாய்ப்பல்லில் சிர்கோனியா கேப்புக்கு, 1970களில் லண்டனில் வில்சனும் கென்ட்டும் உருவாக்கிய கிளாஸ் அயனோமரின் வழிவந்த சிமென்ட்டே போதும். ஈரத்துக்கும் அது அவ்வளவாக அஞ்சாது. ரெசின் புதியது என்பதற்காகவே அதை எடுப்பது வீண் செலவு. ரெசின்தான் வேண்டும் என்கிற இடத்தில், இத்தனை மில்லிமீட்டர் பீங்கானுக்கு அடியில் இத்தனை ஜூல் சேரவேண்டும் என்று சிமென்ட் நிறுவனங்கள் குறிப்புத்தாளில் அச்சிட்டால் பாதிக் குழப்பம் தீரும். அதுவரை மருத்துவர் தம் கருவியையும் சிமென்ட்டையும் தாமே சோதிக்கலாம். லேபில் மிச்சமான, கேப்பின் தடிமனும் நிறமும் கொண்ட பீங்கான் துண்டின் கீழே, இரண்டு மைலார் பட்டைகளுக்கு நடுவில் ஒரு துளி சிமென்ட் வைத்து, வழக்கமாகக் காட்டும் நேரத்துக்கு ஒளி காட்டி, உடனே கீழ்ப்பக்கத்தைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். நுண்மையான அளவீடு ஆகாது. ஆனால் கீழ்ப்பக்கம் இன்னும் பிசுக்கென்று இருந்தால், அந்த 20 நொடி போதவில்லை.