கொக்கோவும் அந்த 400 டாலரும்

2019 வாக்கில் உலகக் கொக்கோவில் ஏறக்குறைய 60 சதவீதம் கானாவிலும் ஐவரி கோஸ்டிலும் விளைந்தது. இந்த இரண்டு அரசுகளும் சேர்ந்து நின்றால் விலையைத் தாங்களே சொல்லலாம் என்ற நம்பிக்கை அந்த ஆண்டில் ஒரு திட்டமானது. 2020-21 பருவம் முதல் டன்னுக்கு 400 டாலர் வாழ்வாதார மேல்தொகையாகத் தராமல் யாரும் சரக்கு எடுக்க முடியாது என்றார்கள். சிறு கொக்கோ விவசாயியின் பெயரால் அண்மையில் வந்த ஏற்பாடுகளில் இதுவே துணிச்சலானது. பலன் தந்ததா என்பது வேறு கேள்வி.

முதலில் சான்று முத்திரைகளோடு ஒப்பிட வேண்டும். நியாய வணிக (Fairtrade) முத்திரை 2019இல் டன்னுக்கான குறைந்தபட்ச விலையை 2,400 டாலராகவும் ஊக்கத்தொகையை 240 டாலராகவும் உயர்த்தியது. ஆனால் அதைப் பெற விவசாயி கூட்டுறவில் சேர வேண்டும், தணிக்கைக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அதன் பிறகும், முத்திரை விலைக்கு ஆள் கிடைத்த அளவுக்குத்தான் ஊக்கத்தொகை. மீதி மூட்டைகள் சாதாரணச் சரக்காகவே போகும். 400 டாலருக்கு இந்தத் தொல்லை இல்லை. யார் தோட்டத்து மூட்டையானாலும் பொருந்தும். இந்த ஒன்றில் அது முத்திரையைவிடத் தெளிவாக மேல்.

ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. ஏற்றுமதி விலைக்கு மூன்று பகுதிகள்: லண்டன், நியூயார்க் முன்பேரச் சந்தை விலை, அந்த நாட்டுச் சரக்கின் தரத்துக்காக அதன்மேல் ஏறுகிற, இறங்குகிற தொகை, புதிதாக வந்த 400 டாலர். மூன்றாவதைப் பூட்டிய அரசுகள் இரண்டாவதைத் திறந்தே விட்டன. வாங்குவோர் அதைப் பேரம் பேசிப் பூஜ்யத்துக்கும் கீழே இறக்கினார்கள். இந்தக் கையால் கொடுத்ததை அந்தக் கையால் பிடுங்கியாயிற்று. ஒரு பெரிய அமெரிக்க சாக்லேட் நிறுவனம் நியூயார்க் சந்தை வழியாகவே பெருமளவு சரக்கு எடுத்து மேல்தொகையைத் தவிர்த்ததாகவும் இரு நாடுகளும் 2020 இறுதியில் குற்றம் சாட்டின.

அரசுகளும் சுத்தமில்லை. 2020 அக்டோபரில் ஐவரி கோஸ்டில் அரசு வைக்கும் கொள்முதல் விலை கிலோவுக்கு 825இலிருந்து 1,000 பிராங்க் ஆனது. அந்த மாதமே அதிபர் தேர்தல். அடுத்த ஏப்ரலில் விலை 750. கொரோனாவால் தேவை சரிந்தது உண்மைதான். ஆனால் தேவை சரிந்தால் சரக்கை நிறுத்திவைக்க வழியில்லாத விலைத் திட்டம் காகிதத்தில்தான் நிற்கும். அந்த நாட்டுக்கு இது தெரியாததல்ல: 1988இல் அதிபர் ஊஃபுவே-புவாஞி ஏற்றுமதியை நிறுத்திச் சந்தையோடு மோதிப் பார்த்தார், 1989இல் விவசாயிக்கான விலையை 400இலிருந்து 200 பிராங்காக, சரிபாதியாக, வெட்ட வேண்டிவந்தது.

கீழ்மட்டத்தில் நடப்பதையும் பார்க்க வேண்டும். காயை வெட்டி உடைத்து, விதைகளை வாழையிலையில் மூடி ஐந்தாறு நாள் புளிக்கவைத்து, வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவைக்கிறார்கள். பிறகு மூட்டை கொள்முதல் எழுத்தரின் தராசுக்குப் போகிறது. தராசைத் திருகிவைத்து எடையில் அடிக்கிறார்கள் என்பது கானாவில் பழைய புகார். மேலே எத்தனை டாலர் சேர்த்தாலும் இந்தத் தராசைத் தாண்டித்தான் அது வீட்டுக்கு வர வேண்டும்.

2024 மார்ச்சில் நியூயார்க் விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியபோது ஐவரி கோஸ்ட் விவசாயிக்கு இன்னும் கிலோவுக்கு 1,000 பிராங்க்தான், அதாவது டன்னுக்கு 1,700 டாலருக்கும் குறைவு. அறுவடைக்கு வெகுமுன்பே அரசு வாரியம் சரக்கை விற்றுவிட்டிருந்தது. சரிவில் காப்பாற்றும் ஏற்பாடு ஏற்றத்தில் விவசாயியைக் கட்டிப்போட்டது. அரசு விலை வைக்காத ஈக்வடாரில் விவசாயிகள் சந்தை விலையை ஒட்டியே வாங்கினார்கள். சரிந்தால் தாங்க அங்கே யாருமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதற்கிடையே, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 காடழிப்புத் தடைச் சட்டம், ஒவ்வொரு தோட்டமும் எங்கே இருக்கிறது என்ற விவரம் கேட்கிறது. காட்டுக்கு நல்லது. விலையைக் கட்டாயமாக்கும் விதி எதுவும் அதில் இல்லை என்பதால், விவசாயிக்கு இது இன்னொரு நிபந்தனை, அவ்வளவே.

ஆக, 400 டாலர் திட்டம் முத்திரையைவிட நேர்மையானது, ஆனால் தப்பான இடத்தில் பூட்டுப் போட்டது. பூட்டியிருக்க வேண்டியது மொத்த ஏற்றுமதி விலையை. 2019 ஜூனில் அக்ரா கூட்டத்தில் இரு நாடுகளும் முதலில் கேட்டது அதைத்தான்: டன்னுக்கு 2,600 டாலருக்குக் கீழே விற்பதில்லை என்று. அதையும் கிடங்கு வசதியில்லாமல் நெடுநாள் காப்பாற்ற முடியாது. ஆனால் அதை மீறுகிறவர் வெளிப்படையாக மீற வேண்டியிருக்கும். அடுத்த மாதமே அந்தக் கோரிக்கை 400 டாலராகச் சுருங்கிவிட்டது.