ஆராய்ச்சி யாருக்காக?

“கலை யாருக்காக?” என்ற வினாவை நம் இலக்கிய உலகம் நெடுங்காலமாகக் கேட்டு வந்திருக்கிறது. அவ்வினா எழுந்தபோது முகஞ் சுளித்தவர்கள் உண்டு. ஆயினும் அதனால் கலை கெட்டுவிடவில்லை, வளரவே செய்தது. அதே வினாவை விஞ்ஞான ஆராய்ச்சியிடம் கேட்க மட்டும் நாம் தயங்குகிறோம். ஆராய்ச்சிக் கட்டுரையும் மனிதர் எழுதுவதே. எதைக் கேள்வியாக எடுப்பது, எதை விடுவது, விடையை யாரிடம் எந்த மொழியில் சொல்வது என்ற தேர்வுகள் அதிலும் உண்டு. தேர்வு உள்ள இடத்தில் விமர்சனத்துக்கும் இடமுண்டு.

வந்தாறுமூலையை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, எழுவான்கரையில் அமைந்த ஊர். 1981இல் இங்கே பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று தோன்றி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. நெற்செய்கையையே ‘வேளாண்மை’ என்று அழைக்கும் நாட்டில் விவசாய பீடம் தொடக்கத்திலிருந்தே இடம்பெற்றது பொருத்தமே. இப்பகுதியின் மணற்பாங்கான நிலத்தில் நீர் குன்றும்போது நிலக்கடலையும் கௌபியும் தக்காளியும் என்ன பாடுபடுகின்றன என்பதை இங்குள்ள ஆய்வாளர் பலர் பொறுமையோடு அளந்திருக்கின்றனர். நீர் குன்றினால் இலைவாய்கள் மூடிக்கொள்கின்றன, காபனீரொட்சைட்டு உட்புகுவது குறைகிறது, ஒளித்தொகுப்புத் தளர்கிறது, பூக்கும் பருவத்தில் இது நேர்ந்தால் காய் பிடிப்பதே அரிதாகிறது. இதனைப் பயிரின் ‘தகைப்பு’ என்கிறோம். இது பயனற்ற ஆராய்ச்சி என்று எவரும் சொல்லமாட்டார்.

ஆனால் அந்தப் பயிருக்குப் பக்கத்தில் ஒரு மனிதன் நிற்கிறான். அவனுக்கும் தகைப்பு உண்டு. கடன், விலை வீழ்ச்சி, மழை பொய்த்தல் என்பவற்றோடு, வாடியின் மூலையில் ஒரு நச்சுப் போத்தலும் இருக்கிறது. அதை அவன் ‘மருந்து’ என்றே சொல்கிறான். பயிரின் தகைப்பை அளக்கும் கருவி அவனை அளப்பதில்லை. அவனைப் பற்றிய உண்மைகள் வேறோரிடத்தில், வைத்தியசாலை விடுதிகளில் தேடப்பட்டன. அந்த ஆராய்ச்சியின் கதையை நம் வாசகர் அறிதல் வேண்டும்.

இலங்கையில் பூச்சிநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1980இல் வந்தது. 1984இல் மிகக் கொடிய நஞ்சுகள் இரண்டு தடைசெய்யப்பட்டன. அது போதவில்லை. 1995இல், ஓர் இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் மக்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். அவருள் பெரும்பாலோர் கிராமத்தவர், கைக்கெட்டியது பூச்சிநாசினி. அவ்வாண்டிலே உலக சுகாதார நிறுவனம் முதலாம் வகுப்பில் வைத்த நஞ்சுகளுள் எஞ்சியிருந்தவையும் விலக்கப்பட்டன. 1998இல் இன்னொன்று விலக்கப்பட்டது. பத்தாண்டுகளில் மரண வீதம் ஏறத்தாழப் பாதியாயிற்று.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வந்தவர் தொகை அக்காலத்தில் குறையவில்லை. குறைந்தது அவ்வாறு வந்தவர் இறக்கும் வீதமே. அவருட் பலர் சாவதற்குத் திட்டமிட்டவர் அல்லர். ஒரு சிறு பொழுதின் வேதனையில் அறிவிழந்தவர். அந்தப் பொழுதைக் கடந்தவர் மீண்டும் வாழ்ந்தனர். கடக்க முடிந்ததா என்பதைத் தீர்மானித்தது, கடைக்காரன் எந்த நஞ்சை விற்றான் என்பதே! அநுராதபுரம், பொலன்னறுவை வைத்தியசாலைகளில் 802 நோயாளரைத் தொடர்ந்து கவனித்து 2005இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ஒரே இரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பூச்சிநாசினிகளில் ஒன்றை உட்கொண்டவருள் நூற்றுக்கு 8 பேரும், மற்றொன்றை உட்கொண்டவருள் நூற்றுக்கு 23 பேரும் மாண்டனர். கொல்லும் ஆற்றலை எலியில் சோதித்து வகுத்த பட்டியல் மனிதனுக்கு முற்றிலும் பொருந்தவில்லை. 2008 முதல் 2011 வரை மேலும் மூன்று நஞ்சுகள் சந்தையிலிருந்து அகற்றப்பட்டன. 1995 தொடங்கிய இருபது ஆண்டுகளில் இத்தடைகளாற் பிழைத்த உயிர்கள் ஏறத்தாழ 93,000 என்று 2017இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நெல் விளைச்சல் இத்தடைகளால் வீழ்ச்சியடையவில்லை என்பதையும் ஆய்வாளர் காட்டினர்.

இதற்கு மறுபுறமாக இன்னொரு பரிசோதனையும் நடந்தது. நஞ்சைத் தடைசெய்வானேன், வீடுதோறும் பூட்டுப் பெட்டி கொடுத்தால் போதாதா என்ற எண்ணம் ஒரு காலத்தில் ஓங்கியிருந்தது. பூச்சிநாசினிக் கம்பனிகளுக்கும் அது உவப்பாயிருந்தது. விற்பனை விற்பனையாகவே இருக்கும். பொறுப்பு மட்டும் உழவனின் தலையில் ஏறும் அல்லவா? அநுராதபுர மாவட்டத்தின் 180 கிராமங்களில், இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடையே இது சோதிக்கப்பட்டது. பெட்டி பெற்ற கிராமங்களுக்கும் பெறாத கிராமங்களுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இந்த முடிவும் 2017இல் வெளிவந்தது. தம் எதிர்பார்ப்புப் பொய்த்ததை மறைக்காது எழுதிய ஆய்வாளரை நாம் மதிக்கவேண்டும். அவர்கள் காட்டிய உண்மை இதுதான்: வீட்டுக்குள் போட்ட பூட்டு காப்பாற்றவில்லை, சந்தையில் போட்ட பூட்டுக் காப்பாற்றிற்று.

ஆராய்ச்சியின் கேள்வி எங்கிருந்து எழுகிறது என்பது இங்கேதான் முக்கியமாகிறது. “இந்த மனிதன் ஏன் தவறு செய்தான்?” என்று கேட்டால் பெட்டியும் புத்திமதியும் விடையாகக் கிடைக்கும். “இவன் கைக்கு இந்த நஞ்சு எப்படி வந்தது?” என்று கேட்டால் சட்டமும் சந்தையும் கண்ணுக்குத் தெரியும். இரண்டும் விஞ்ஞான வினாக்களே. ஆனால் மக்கள் பக்கம் நின்று கேட்கப்பட்டது பின்னையதே.

அதனால் தடை என்ற சொல்லே மந்திரமாகிவிடாது. 2021 ஏப்ரலில் இரசாயன உரத்தையும் பூச்சிநாசினியையும் ஒருசேர நிறுத்துவதாக அரசு திடீரென அறிவித்தது. உழவரைக் கேட்கவில்லை, ஆய்வாளர் எச்சரிக்கையைச் செவிமடுக்கவில்லை. பெரும்போக விளைச்சல் சரிந்தது. நவம்பரில் ஆணையை மீளப்பெற நேர்ந்தது. முன்னைய தடைகள் ஒவ்வொன்றாக, மாற்று உண்டா என்று பார்த்து, ஆண்டுக்கணக்கில் நடந்தவை. இது ஒரே இரவில் பிறந்தது. ஆராய்ச்சியைப் புறக்கணித்த தடையும் மக்களைப் புறக்கணித்த ஆராய்ச்சியும் ஒரே வகையான தவறுகள்.

வடமத்திய மாகாண உழவரிடையே 1990களில் கவனத்துக்கு வந்த சிறுநீரக நோயும் இங்கு நினைக்கத்தக்கது. நீரின் கடினமா, புளோரைட்டா, விவசாய இரசாயனமா, வெயிலில் நீரின்றி உழைப்பதா என்று பல காரணங்கள் ஆராயப்பட்டன. ஒற்றைக் காரணம் நிலைநாட்டப்படவில்லை. இத்தகைய இடத்தில் அவசரத் தீர்ப்பும் ஆகாது, அலட்சியமும் ஆகாது. தூய குடிநீரை வழங்குவதற்கு இறுதி முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இனி மொழியைப் பற்றி. வந்தாறுமூலை விவசாய பீடத்தின் ஆய்விதழ் ஆங்கிலத்தில் வருகிறது. உலக அறிஞர் படிக்க அது வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் எந்த மணலில் சோதனை நடந்ததோ, அந்த மணலை உழுபவன் அதன் சாரத்தைத் தன் மொழியில் எங்கே படிப்பான்? பல வேளைகளில் அவனுக்கு ஆலோசகன் நஞ்சு விற்கும் கடைக்காரன்தான். தமிழால் இயலாது என்ற சாக்கு இங்கே செல்லாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த கிறீன் வைத்தியர் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ‘இரண வைத்தியம்’ போன்ற நூல்களைத் தமிழில் வெளியிட்டார். 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் இந்தக் கிழக்கு மண்ணின் காரைதீவிலே பிறந்தவர். இவர்கள் வெட்டிய வாய்க்காலில் நீர் விடுவதே நம் கடமை.

ஒவ்வொரு ஆய்வும் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தோடு அது பிறந்த கிராமத்துக்குத் திரும்பட்டும். அடுத்த ஆய்வின் கேள்வியை வகுக்கும்போது அந்தக் கிராமத்தவரும் அருகே அமரட்டும். பயிரை ஆராயும் பீடமும் நோயாளியை ஆராயும் சுகாதார பீடமும் ஒரே பல்கலைக்கழகத்துக்கு உரியவை. ஒன்றின் ஏட்டை மற்றொன்று புரட்டட்டும். காலையில் வயலிலே மருந்து அடிப்பவனும், மாலையில் வைத்தியசாலைக் கட்டிலிலே கிடப்பவனும் ஒருவனே. அவனை இரு துறைகளாக வெட்டி ஆராய்வது நமக்கு வசதியாக இருக்கலாம். அவன் வாழ்வது ஒரே உயிரோடுதான்.